பச்சிளங்குழந்தைகள் பிரிவு ஃப்ரிட்ஜுக்கு ஒரு பிளக் பாயின்ட்

அனுப்புநர்:
பச்சிளங்குழந்தைகள் பிரிவில், ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பெண் குழந்தையின் தாய்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை.

பொருள்: குறைமாதக் குழந்தைகளுக்கான சத்துத் திரவப் பைகளை வைக்க வாங்கிய ஃப்ரிட்ஜ், பிளக் பாயின்ட் இல்லாமல் வராந்தாவில் நிற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பே மனு கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துத் தந்தார்கள். முத்திரை மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

1. என் மகள் ஏழாம் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் என்பதால் செவிலியர்கள் அவளைக் 'கைப்பிடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு அவசரமாக வந்துவிட்ட குழந்தையின் வயிறு முழுப் பாலையும் ஏற்காது. புரதமும் கொழுப்பும் உப்புகளும் கலந்த திரவத்தை முதல் நாளிலிருந்தே நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்று பிரிவு மருத்துவரே எனக்கு விளக்கினார். அந்தத் திரவத்தைக் கலந்து தரும் மருந்தகக் கலவை அறையை வெள்ளி மதியம் பூட்டினால் திங்கள் காலைதான் திறப்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். அதுவரை என் மகளுக்கு ஏறியது சர்க்கரைத் தண்ணீர்தான். அவள் கிழமை பார்த்துப் பிறக்கவில்லை, ஐயா.

2. இதற்கு வழி இல்லாமல் இல்லை. விடுமுறை நாட்களுக்கென்று முன்கூட்டியே கலந்த பைகளை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். தாங்களே அதற்கு அனுமதி தந்து, ஃப்ரிட்ஜும் வாங்கிவிட்டீர்கள். அது பிரிவின் வாசலில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் நிற்கிறது. மின் பணியாளரைக் கேட்டால் கட்டடப் பிரிவின் உத்தரவு வேண்டும் என்கிறார். எந்தச் சுவரில் பிளக் பாயின்ட் என்று மருந்தகம் எழுதித் தர வேண்டுமாம், கட்டடப் பிரிவுக்கு. ஃப்ரிட்ஜ் ஓடிக் காட்டாமல் எங்கள் பொறுப்பில் எடுக்க மாட்டோம் என்கிறது மருந்தகம். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யார் மீதும் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

3. இப்போதைக்கு அதன்மேல் நாங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிறோம். என் கணவர் அதில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டார். வீட்டு ஃப்ரிட்ஜைவிட இதற்குத்தான் உபயோகம் அதிகம் என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. என் மகளின் எடை மிகவும் இறங்கி, இப்போதுதான் மெல்ல ஏறுகிறது. அந்தச் சனி, ஞாயிறால்தான் இப்படி என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு இனி நான்தான் குடித்தனம் நடத்த வேண்டும். இப்போது அவள் குழாய் வழியாகப் பால் குடிக்கிறாள். ஆகவே இந்த மனு அவளுக்காக அல்ல.

5. இன்று வெள்ளிக்கிழமை. பிரசவ அறையும் இதே வராந்தாவில்தான். காலையில் ஏழு மாத வயிற்றோடு, வலி எடுத்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். படுக்கை தயாராகும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டியைக் காட்டி, "இது எதுக்குக்கா?" என்று கேட்டாள். சீக்கிரம் பிறக்கிற குழந்தைகளுக்காக வந்தது என்றேன். "அப்பாடா, இங்க எல்லாம் இருக்கு" என்று கொஞ்சம் சிரித்தாள். அவளை உள்ளே அழைத்துப் போனதும் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

கலவை அறையைப் பூட்ட இன்னும் நேரம் இருக்கிறது. பிளக் பாயின்ட் மெதுவாக வரட்டும். சில பைகளை இன்றே கலந்து, மருந்தகத்தில் ஓடுகிற ஏதாவது ஒரு ஃப்ரிட்ஜில் வைக்க உத்தரவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் நம்பித்தான் உள்ளே போயிருக்கிறாள், ஐயா.

நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்
இடம்: பிரிவு வராந்தா

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்