சாரலோடு வந்த இன்ஸ்பெக்ட்ரஸ்

7-7-58, திங்கள்
காலையிலிருந்து சாரல். துவைத்த சேலை இரண்டும் காயவில்லை. தலைமையாசிரியை (இனி த.ஆ.) கூப்பிட்டுச் சொன்னார்: வியாழன் இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். என் ஆங்கில வகுப்பு அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு இலத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அம்மா ஜாதகக் கட்டோடு காத்திருக்கிறாள்.

சாரல் விழுந்தால்தான் அதிகாரிகளுக்குத் தென்காசி ஞாபகம் வரும். வேறு ஊரில் பள்ளிக்கூடமே இல்லை பாருங்கள்.

8-7, செவ்வாய்
பாடம்: நெவர், செல்டம், ஹார்ட்லி. ஹார்ட்லி போட்ட பிறகும் ஆசை தீராமல் பிள்ளைகள் ஒரு ‘நாட்’ சேர்க்கிறார்கள். அது வந்தால் இது வேண்டாம் என்று தொண்டை வறளக் கத்தினேன். செல்டம் முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால். எழுந்தாள் சுலைகா, பத்தாம் வகுப்பு.

“டீச்சர், வெள்ளக்காரன் வீட்லயும் இப்படியா பேசுதான்?”

“வீட்ல எல்லாரையும் போலத்தான். இது எழுதுறதுக்கு, மேடைக்கு.”

“அப்ப இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு எது?”

கெட்டிக்காரி. வாய்தான் நீளம்.

9-7, புதன்
என் வகுப்பை அவர் காலையிலேயே பார்க்கட்டும் என்று கேட்டேன். த.ஆ.: “காலைல அவுக ஐந்தருவிக்குல்லா போறாவ! எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு மத்தியானம் வருவாவ.”

எண்ணெய்க் குளியல், அதன்மேல் சாப்பாடு, அதன்மேல் என் இலக்கணம். யார் விழித்திருப்பார்? பயமாக இருக்கிறது.
வாங்க: சாக்கட்டி, ஊக்கு.

10-7, வியாழன்
வந்தார். ஈரக் கூந்தல், நுனியில் முடிச்சு. கடைசி பெஞ்சு. நெவர் முடிவதற்குள் கண் செருகிவிட்டது. ஹார்ட்லியில் தலையே தொங்கியது. வாசலில் த.ஆ. கையைப் பிசைந்தபடி. செல்டத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன், யாரையும் பார்க்காமல்.

சுலைகா, கணீரென்று: “செல்டம் டஸ் ஆன் இன்ஸ்பெக்ட்ரஸ் கம் டு தென்காசி இன் சம்மர்!”

கோடையில் இன்ஸ்பெக்ட்ரஸ் தென்காசிக்கு வருவது அபூர்வமாம்!

அம்மாள் கண்ணைத் திறந்து, “வாட்?” என்றார். பாவி, திரும்பவும் சொன்னாள். இன்னும் சத்தமாக, ஒரு பிழையில்லாமல். இலத்தூர் பஸ் கண்ணில் தெரிந்தது.

அம்மாள் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மணி அடிக்கும்வரை தூங்கவில்லை. ஆனால் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

11-7, வெள்ளி
வெயில். சேலை காய்ந்தது. த.ஆ. பதவியை மறந்து ஓடி வந்தார். “ஏட்டி, என்ன சொல்லிட்டுப் போனாவ தெரியுமா? அடுத்த இன்ஸ்பெக்ஷன் பங்குனி வெயில்லயாம். அன்னைக்கும் அந்த வகுப்புல நீதான் நிக்கணுமாம்.”