வெள்ளை நூல் கட்டிய கேசட்

காஜிமார் தெரு,
மதுரை.

அன்பு மகள் ஹம்சவேணிக்கு, உன் லத்தீப் மாமா சொல்லச் சொல்ல, என் மருமகள் சபிஹா எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

வைகையில் வெள்ளம் வந்து யானைக்கல் கல்பாலம் முங்கிய வருஷம் உனக்கு நினைவிருக்காது. அதே வருஷம்தான் என் மகன் அல் அமீன் மாடிப்படியில் உருண்டு வலது கையை முறித்துக்கொண்டான். நீ பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று முனிச்சாலையே கேட்க அழுததும் அந்த வருஷம்தான். எனக்கு வருஷத்துக்கு நம்பர் சொல்லத் தெரியாது. சபிஹா கணக்குப் போட்டு, தொண்ணூற்று மூன்று என்கிறாள். இருக்கட்டும். அந்த வருஷத்துக் கேசட் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். என் காது போய்விட்டதம்மா. ஊர் ஊராக மைக்செட் கட்டி, ஹார்ன் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்ற காது. மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். மாட்டினால் கடாயில் எண்ணெய் பொரிகிற சத்தம்தான் கேட்கிறது, மனுஷர் குரல் கேட்கவில்லை. நான் இப்போது சொல்வதும் தெருமுனை வரை போகிறதாம். சபிஹா சைகையில் 'மெதுவா மாமா' என்கிறாள். கடிதத்தில் ரகசியம் எதுவும் இல்லை, கேட்டால் கேட்கட்டும் என்றேன்.

உன் அப்பாவின் காரியம் முடிந்த அன்று, மஞ்சள் பையில் கேசட்டுகளைப் போட்டு எடுத்து வந்தேன். நீ வெள்ளை நூல் கட்டியிருந்த கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாய். உன் உதடு அசைந்தது தெரிந்தது, என்ன கேட்டாய் என்று தெரியவில்லை. நான் மரம் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையிலேயே போட்டுவிட்டாய். அல் அமீனிடம், "நீங்களே வச்சுக்கங்கண்ணே, அவரு வாசிச்சது எனக்கு எதுக்கு" என்று சொல்லி, அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டாய்.

திரும்பும் வழியில் தெற்குவாசல் பாலத்தடியில் அல் அமீன் ஸ்கூட்டரை நிறுத்தி, என் காதில் வாயை வைத்துக் கத்தினான். "இதுல இருக்கவங்கள்ல யாராச்சும் உசுரோட இருக்காங்களா மாமா" என்று நீ கேட்டாயாம். கேட்டதற்குப் பதில் இல்லாமல் உன்னை அனுப்பிவிட்டேனே என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது என்பதால், உன் அப்பா ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு நூல் கட்டிக் கொடுப்பான். உங்கள் வீட்டில் நெசவுக்குச் சாயம் போடுகிற நூல். அட்டையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருப்பான். எனக்கு நூல்தான் பேர். எல்லாவற்றையும் அல் அமீன் பென் டிரைவில் ஏற்றியிருக்கிறான். நான் சொல்லும் வரிசையிலேயே போட்டிருக்கிறான். கேசட்டுகளையும் சேர்த்தே பார்சலில் அனுப்புகிறேன். என்னிடம் இருந்து இனி என்ன பிரயோசனம்? கேட்க முடியாதவன் வீட்டில் பாட்டு இருக்கக் கூடாது.

உன் அப்பா வாசித்ததற்கு ஜாஸ் என்று பேர். ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியன் டீச்சரம்மாவிடம் பியானோ கற்றுக்கொண்டான். அந்த அம்மா ஊரைவிட்டுப் போகும்போது அவனிடம் விட்டுப் போன பழக்கம் அது. எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம். நான் மைக்செட், அவன் ஆர்கன். பாட்டு நடுவில் அவன் எங்கேயோ போய்விட்டான். பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "என்னண்ணே, ஆர்கன்காரரு வழி தெரியாமப் போறாரு, சத்தத்தையாச்சும் கொறைங்க" என்றார். குறைக்கிற மாதிரி கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிடும்போது உன் அப்பா சொன்னான், "மாப்ள, தெரிஞ்ச வீட்டுக்குத் தெரியாத சந்து வழியாப் போய்ப் பாக்குறேன். எந்தச் சந்துல நுழைஞ்சாலும் வீடு போய்ச் சேந்துருவேன், பயப்படாத." அதற்கப்புறம் எனக்குப் புரிந்தது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

முதலில் நீல நூலைக் கேள். அவன் பம்பாயில் ஹோட்டல் பேண்டில் சேர்ந்த பிறகு ஒரு கம்பெனிக்காரன் எடுத்தது. சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு தூசி இருக்காது. இரண்டாவது பாட்டைக் கவனி. இழைத்து இழைத்துப் போகிறவன், நடுவில் கட்டைச் சுருதியில் ஒரே ஒரு குத்து குத்துவான். ஒற்றை விரலால் குத்தியது மாதிரி, வாசிக்கத் தெரியாதவன் குத்தியது மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் அதைத் தப்பு என்று சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னானாம். திரும்ப வாசித்தபோதும் அந்த இடத்தில் அதே குத்து. "அது இல்லைன்னா பாட்டே இல்ல சார்" என்று சொல்லிவிட்டானாம்.

அடுத்தது சிவப்பு நூல். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வாசித்தது. கிளாஸ் சத்தம், ஸ்பூன் சத்தம், எவனோ போனில் சண்டை போடுகிற சத்தம் எல்லாம் இருக்கும். ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. நீ கூட்டத்தை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே போ. அதே பாட்டு வரும், ரொம்ப மெதுவாக வரும். அதே இடத்தில் அதே குத்து விழும்.

மஞ்சள் நூலை உட்கார்ந்து கேள், வேலை பார்த்துக்கொண்டே கேட்காதே. அது உன் அம்மா ராதாமணி போன பிறகு எடுத்தது. உன்னை உன் தாய்மாமா விஜய்ஆனந்த் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முனிச்சாலை வீட்டில் அவன் மட்டும் இருந்தான். கரண்டில் ஓடுகிற கீபோர்டு ஒன்று வைத்திருந்தான். நான் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு ஊமையாகிவிட்டது, என் டேப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நிறுத்தவில்லையம்மா. கேசட்டில் அதற்குப் பிறகு விரல் கட்டையில் படுகிற டொக் டொக் சத்தம் மட்டும்தான் இருக்கும். அந்தச் சத்தத்திலேயே அவன் எந்தப் பாட்டில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். அந்த இடம் வந்ததும் ஒரு குத்து கேட்கும். கரண்ட் வந்து ஃபேன் சுற்றத் தொடங்கிய பிறகுதான் டேப்பை நிறுத்தினேன்.

நீ அவன் மேல் கோபப்பட்டது சரிதான். அம்மாவுக்கு முடியவில்லை என்று மஸ்கட்டுக்குத் தந்தி மாதிரி போன் மேல் போன் போட்டோம். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நீ, கதவைச் சாத்தினாய். அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்ததைப் பிள்ளையிடம் சொல்லுடா என்றேன். "சொன்னா அம்மா வந்துருவாளா மாப்ள? புள்ள கோவப்படுறது நியாயந்தான்" என்றான். கடைசி வரை சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்றான். அவன் போய்விட்டான், அதனால் சொல்லிவிட்டேன். எந்தச் சந்தில் நுழைந்தாலும் வீடு போய்ச் சேர்கிறவன் அந்த ஒரு தடவை சேரவில்லை. அதற்கப்புறம் வாசித்ததெல்லாம் அந்த வாசலைத் தேடித்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது வெள்ளை நூல்.

வைகையில் வெள்ளம் வந்த அன்றைக்கு ஆற்றுக்கு வடக்கே ஒரு கச்சேரி இருந்தது. தண்ணீர் வந்துவிட்டதால் அக்கரை போக முடியவில்லை. முனிச்சாலைப் பக்கம் வாய்க்கால் ஏறி, உங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு ரயில்வே காலனிக்கு வந்துவிட்டாள். அங்கே பழைய ஹால் ஒன்று இருந்தது. அதில்தான் டீச்சரம்மாவின் பியானோ கிடந்தது. உன் அப்பா, டிரம்ஸ் சுருளி, கிடார் ஞானராஜ் மூன்று பேரும், போக இடம் இல்லாமல், மத்தியானத்தில் வாசிக்க உட்கார்ந்தார்கள். நான் டேப்பைப் போட்டேன்.

முதலில் மழைச் சத்தம் கேட்கும். அப்புறம் பாட்டு. உன் அம்மாவின் வளையல் சத்தம் இடது பக்கமாகக் கேட்கும். உனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நீ அவள் கையை உதறிவிட்டு ஓடி, பியானோ ஸ்டூலில் ஏறி, கட்டைச் சுருதிப் பக்கம் விரலை நீட்டி ஒரு குத்து குத்தினாய். சுருளி சிரித்துக் குச்சியைக் கீழே போட்டுவிட்டான், அந்தச் சத்தமும் இருக்கிறது. "முடிஞ்சது, கேசட்டு போச்சு" என்றான். உன் அம்மா உங்கள் சௌராஷ்டிர பாஷையில் உன்னை அதட்டுகிறாள். உன் அப்பா மட்டும் நிறுத்தவே இல்லை. அப்படியே சுற்றி வந்து, அந்த இடத்தில் உனக்காக நின்றான். நீ மறுபடி குத்தினாய். அதற்குப் பிறகு பாட்டே உன் குத்துக்காகத்தான் வளைந்து வளைந்து வருகிறது.

பம்பாயில், மஸ்கட்டில், கரண்ட் போன வீட்டில் அவன் குத்திய குத்து அதுதான். அது அவன் கை இல்லை, உன் கை. நீ இல்லாத இடத்தில் எல்லாம் உனக்குப் பதிலாக அவன் குத்தினான்.

பாட்டு முடிகிற இடத்தில், வாசித்துக்கொண்டே உன்னிடம் குனிந்து, உங்கள் பாஷையில் ஏதோ சொல்கிறான். இரண்டு மூன்று வார்த்தைதான். நீ சிரிக்கிறாய். அது என்ன என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உங்கள் ஆட்கள் யாரிடமாவது போட்டுக் காட்டினால் சொல்லியிருப்பார்கள். தகப்பன் பிள்ளையிடம் சொன்னதை நடுவில் நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இனி நினைத்தாலும் கேட்க முடியாது. சென்னையில் உன் தாய்மாமா வீட்டிலும் அந்தப் பாஷைதானே பேசி வளர்ந்தாய்? உனக்குப் புரியும். புரிந்ததை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ கேட்டாய் என்று ஒரு வரி அல் அமீனுக்கு எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்றார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. காதைப் பத்திரமாக வைத்துக்கொள் தாயே. உன் வீட்டில் எப்போதும் சத்தமும் சிரிப்பும் இருக்க அல்லாஹ் அருள் செய்வான்.

இப்படிக்கு,
உன் மாமா அப்துல் லத்தீப்.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்திருக்கிறேன், மை கொஞ்சம் ஈஷிவிட்டது.

சபிஹா மடிக்கப் போனாள், நில்லும்மா என்றேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளை நூல் கேசட்டில் இருக்கிறவர்களில், எழுமலைச் சுருளி மஞ்சள்காமாலையில் போனான். ஞானராஜைக் கொரோனா கொண்டுபோனது, முகம் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. உன் அம்மா போய்விட்டாள். இப்போது உன் அப்பா. நான் அதில் கிடையாது, டேப் ஓடும்போது வாயைத் திறக்காமல் நிற்பதுதான் என் வேலை. ஆனாலும் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறது தாயே. ஈரத்தலையோடு ஸ்டூலில் ஏறி, கட்டையைக் குத்திவிட்டுச் சிரிக்கிற ஹம்சவேணி.