கையில் கொடுக்காத கத்தி

இன்று காலை உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தக் கருப்புக் கத்தி மடங்கும் சத்தம். எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சண்டைக்காரன் வீட்டில் இருக்கிறான், அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் நீ செத்துப்போனது ஞாபகத்துக்கு வந்தது. பாவி, இப்படியா ஒருத்தனை ஏமாற்றுவது?

மடக்கியது உன் மனைவிதான். வரச்சொல்லி நேற்றே போன் பண்ணியிருந்தாள். ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு மடக்குக் கத்திகளையும் வைத்து என் எதிரில் டீப்பாயில் வைத்தாள். ஒன்று கருப்பு, ஒன்று மரப்பிடி.

“ரெண்டுல ஒண்ண நீங்க எடுத்துக்கோங்கண்ணா. இன்னொண்ணு பாப்பாவுக்கு. அப்பா நெனவா வேணும்னு கேக்குது. சாயந்தரம் மெட்ராஸ் பஸ் ஏறிடும். நீங்க மொதல்ல எடுத்தாதான் அது தொடுமாம்.”

சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். உன் பெண் பக்கத்து அறையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. எதைத் தொடுவது, சொல்லு. மரப்பிடியை எடுத்தால், செத்தவனிடம்கூட ‘நான் சொன்னதுதான் சரி’ என்று மல்லுக்கு நிற்கிறேன் என்று ஆகிவிடும். கருப்பை எடுத்தால் நான் தோற்றேன் என்று ஆகிவிடும். உன்னிடம் தோற்பதா? அதுவும் நீ இல்லாத நேரம் பார்த்து? காபி வருவதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும்.

உங்கள் மாடியில் பல வருஷம் குடியிருந்த வெள்ளைக்காரரை நினைத்துக்கொண்டேன். மலையைப் பார்த்து உட்காருவதும் கத்திகளைத் துடைப்பதும்தான் அவருக்கு வேலை. ஒரேயடியாக ஊருக்குப் போகும்போது நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, “கல்யாண மேடை போடுகிறவர்களுக்கு உதவும், ஆளுக்கு ஒன்று, நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று இவற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. கருப்புக்கு டைட்டானியம் பிடி, ஊசி மாதிரி முனை. ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு, ‘டிக்’, திறந்து பூட்டிக்கொள்ளும். மரப்பிடிக்கு முனையே கிடையாது, ஆட்டுக்குளம்பு மாதிரி வளைந்து முடியும். நகத்தை விட்டு நெம்பி, இரண்டு கையாலும் திறக்க வேண்டும். போனில் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? “டேய், இதுல வாழைநாரு அறுத்தா பாவம்டா.” மறுநாளே அறுத்தாய்.

யாருக்கு எது என்று நமக்கு முடிவே ஆகவில்லை. பூ வேலைக்குக் கூர்முனை வேண்டும், தண்டை அப்படியே சீவலாம் என்பாய். மறுநாள், மரப்பிடி கையில் என்ன சுகமாக உட்காருகிறது பார் என்பாய். நான் லைட்டுக்காரன், எனக்கு ஒயர் சீவ வேண்டும். முனையில்லாத கத்திதான் அதற்குத் தோது. ஆனாலும் கருப்பின் ‘டிக்’ சத்தத்துக்கு நானும் மயங்கித்தான் கிடந்தேன். கடைசியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாற்றிக்கொள்வோம் என்று நீயே சட்டம் போட்டாய். மாற்றும்போது நான் கையை நீட்டுவேன். நீ கையில் கொடுக்கவே மாட்டாய். நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி தரையில் வைப்பாய், நான் குனிந்து எடுக்க வேண்டும்.

“கத்திய கையில குடுத்தா சண்டை வரும்டா. நமக்குள்ள அது வேணாம்.”

“உன்கூட சண்டை வர கத்தி வேற வேணுமா? உன் மூஞ்சி போதாதா?”

சிரிப்பாய். ஆனாலும் தரையில்தான் வைப்பாய். எங்கள் அம்மாவும் அப்படித்தான் அரிவாள்மனையைத் தரையில் வைப்பாள். ஊரே அப்படித்தான். உன்னை மட்டும் சொல்லி என்ன?

அந்த மதியத்தை எத்தனை தரம் நினைத்துவிட்டேன். அடி அண்ணாமலை தாண்டி ஒரு மண்டபத்துக்கு நம் குட்டியானை வண்டியில் பூ ஏற்றிக்கொண்டு போனோம். மறுநாள் பௌர்ணமி, முன்கூட்டியே வந்த கும்பல் கிரிவலப் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தது. நான்தான் ஓட்டினேன். மரப்பிடி என் சட்டைப் பையில், கருப்பு உன்னிடம். நமக்கு முன்னால் ஒரு பைக். பின்சீட்டில் ஒரு பெண், மடியில் தேங்காய்க் கூடை. துப்பட்டா பின்னால் பறந்துகொண்டே போனது.

“டேய், அந்தப் பொண்ணு துப்பட்டாவப் பாருடா. ஹாரன் அடி, ஹாரன் அடி!”

நான் அடித்தேன். அவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். சக்கரம் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. அவள் பின்பக்கமாக வெடுக்கென்று இழுக்கப்பட்டாள். பைக் தடுமாறிச் சாய்ந்தது. நான் பிரேக்கை மிதித்துவிட்டுக் குதித்து ஓடினேன். அவள் தலை டயரோடு டயராக ஒட்டிக்கிடந்தது. சத்தம் வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. என் இடது கை விரல்கள் துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் எப்படியோ நுழைந்துவிட்டன. அந்த விரல்களை எடுத்தால் அவள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பைக் ஓட்டிவந்த அவள் புருஷன் அழுதுகொண்டே சக்கரத்தைச் சுற்றினான், தப்பான பக்கமாக.

“சுத்தாதய்யா! இறுகுது!”

சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் தண்ணி கொடுங்க என்றார், ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். நான் வலது கையால் பையிலிருந்து மரப்பிடியை எடுத்தேன். ஒரு கையால் அதை எப்படித் திறப்பது? பல்லால் கடித்து இழுத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் முகம் கருத்துக்கொண்டே வந்தது.

“கத்தியக் குடுறா!”

ஓடி வந்தாய். வரும்போதே கருப்பைத் திறந்துகொண்டு வந்தாய், அந்த ‘டிக்’ எனக்குக் கேட்டது. என் கை நீண்டு, விரித்தபடி, உன் முகத்துக்கு நேராக இருந்தது. நீ என்னடா செய்தாய்? கத்தியை அந்தப் பைக் சீட்டின் மேல் வைத்தாய். வைத்தாய்! சாய்ந்து கிடந்த பைக், சாய்ந்து கிடந்த சீட்டு. கத்தி வழுக்கி அந்தப் பக்கம் விழுந்தது.

“கையில குடுறா, நாசமாப் போறவனே!”

நீ தரையில் குப்புற விழுந்து, கொதிக்கிற சைலன்சருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாய். தோல் பொசுங்குகிற நாற்றம் வந்தது. எடுத்தாய். முதல் தடவையாக என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய். நான் முனையைத் துணிக்கு அடியில் நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. துணி விட்டது. அவள் இருமினாள். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சத்தத்தை அன்றுவரை நான் கேட்டதில்லை. காதுக்குக் கீழே ஒரு கோடு, அதிலிருந்து ரத்தம். கூர்முனை பட்டுவிட்டது. ஆழமில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அப்புறம் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். நீ பூ வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

“கையில குடுத்தா இன்னாடா கொறஞ்சு போயிடும் உனக்கு?”

“நான் யோசிச்சா வச்சேன்? கை தானா போயி வச்சிடுச்சுடா.”

“அப்பறம் அந்தக் கூர்முனை. கொஞ்சம் தப்பியிருந்தா இன்னிக்கு நான் கொலைகாரன். தெனம் பாக்கெட்ல வச்சுக்கிற கத்தியாடா இது?”

“உன் மரப்பிடி தொறந்துச்சா? பல்லால கடிச்சியே, தொறந்துச்சா? அத நம்பிக்கினு இருந்தா அந்தப் பொண்ணு பாடையில போயிருக்கும்.”

“முனை இல்லாததுதான் சரி.”

“ஒரு கையில தொறக்கிறதுதான் சரி.”

டீ ஆறிப்போயிற்று. அப்போது நீ ஒன்று சொன்னாய் பார்: “பாத்தியா, கையில குடுத்தேன். சண்டை வந்துச்சா இல்லியா?” எனக்கு வந்த ஆத்திரம்! மரப்பிடியை மேசைமேல் வைத்து, “ரெண்டையும் நீயே வச்சுக்கினு அழு” என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் ஒரே மேடையில்தான் வேலை செய்தோம். பேச்சு மட்டும் இல்லை. நான் மேலே பார்த்து, “இங்க பூ ஜாஸ்தி, லைட்டு மறைக்குது” என்பேன். நீ சுவரைப் பார்த்து, “லைட்ட கம்மி பண்ணா பூ தெரியும்” என்பாய். கல்யாண வீட்டார் நமக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். எப்படியும் ஒருநாள் நீ சிரித்துவிடுவாய் என்று நான் இருந்தேன். நான் சிரிப்பேன் என்று நீ இருந்திருப்பாய். நான் கீழ்பென்னாத்தூரில் வேறொரு வேலையில் இருந்த ஒரு காலையில், நீ மணவறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. பேசிவிட்டுப் போனால் என்னடா?

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. காபி தயாராகிவிட்டது. சரி, நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, மரப்பிடியே என்று கையை நீட்டினேன். கடைசியாக ஒரு தரம் அந்த ‘டிக்’கைக் கேட்டுவிடலாம் என்று கருப்பை எடுத்துத் தட்டினேன். கீலில் காய்ந்த சம்பங்கித் தண்டின் வாசனை வந்தது. அலகு திறந்தது.

முனை இல்லை.

உடையவில்லை. யாரோ தேய்த்திருந்தார்கள். ஊசி மாதிரி இருந்த இடம் குழந்தையின் நகம் மாதிரி உருண்டையாக, வழவழவென்று இருந்தது. பெருவிரலை வைத்து அழுத்தினேன். குத்தவில்லை. வெட்டும் விளிம்பு மட்டும் அதே கூர்மை.

காபியோடு வந்த உன் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“அதுவாண்ணா? அவருதான் மாடிப்படியில உக்காந்து தெனம் சாயந்தரம் கல்லுல தேச்சிக்கினு இருந்தாரு. அந்த இரும்பு லேசுல தேயவும் இல்ல, சுட்ட கை வேற அவருக்கு. இவ்ளோ ஒசந்த பொருள இன்னாத்துக்கு இப்படிப் பாழாக்குறீங்கன்னு கேட்டேன். ‘அவன் சொன்னது சரிதான். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத, தலையில ஏறி உக்காருவான்’னாரு. வேலை முடிஞ்சதும் அவரே எடுத்தாந்து குடுக்கறதாதான் இருந்தாரு.”

ஒரு கையால் திறக்க வேண்டும் என்ற உன் பேச்சையும் முனை வேண்டாம் என்ற என் பேச்சையும் ஒரே கத்தியில் சேர்த்து வைத்துவிட்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே. அழுத்தக்காரா. உன் மனைவி முன்னாலேயே அழுதேன், வெட்கமில்லாமல். சத்தம் கேட்டு உன் பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

“எது மாமா உங்களுக்கு?”

“கருப்பு எனக்கு. மரப்பிடி உனக்கு. நல்ல கத்திம்மா அது, ரெண்டு கையாலயும் நிதானமாத் தொறக்கணும்.”

பிறகு கருப்பை மடக்கி, திரும்பத் தட்டிலேயே வைத்தேன். “தங்கச்சி, இத எடுத்து என் கையில குடும்மா” என்றேன்.

“கையிலயா? ஐயோ, வேணாண்ணா. அவரு இருந்தா திட்டுவாரு. சண்டை வரும்பாரு.”

“குடும்மா.”

தயங்கி நின்றாள். உன் படத்தை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் விரல்களை மூடிக்கொண்டேன்.

இதை எழுதும்போது அது என் சட்டைப் பையில் கிடக்கிறது. நாளைக்கு முகூர்த்தம், அங்கேயும் வரும், அதற்கடுத்த நாளும் வரும். இனி மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. உன் வீட்டுக் கத்தியைக் கையில்தான் வாங்கியிருக்கிறேன், நன்றாகக் கேட்டுக்கோ. கையில் வாங்கினால் சண்டை வரும் என்றாயே. வாடா. வந்து போடு.