தூக்கிப் போக முடியாத மேடை

நகரி
விகாரி வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பம்பாயில் நீயும் மருமகள் வரலட்சுமியும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்தது. சமையலறை வேலையை நிறுத்தி வை, பெரிய நைனா சொல்வதைக் கேட்டு வீட்டை விற்கிற பத்திரத்தில் நைனாவைக் கையெழுத்துப் போடச் சொல் என்று எழுதியிருக்கிறாய். வேலையை நிறுத்தவில்லை, முடித்துவிட்டேன். கையெழுத்தும் போடவில்லை. எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

எல்லை முடிவாகிவிட்டது உனக்கே தெரியும். ஏப்ரல் பிறந்தால் திருத்தணி மதராஸோடு போகிறது, நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம். இது தெரிந்த நாளிலிருந்து உன் பெரிய நைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, திருத்தணியில் வீடு பார்த்துவிட்டு வந்துவிட்டார். இங்கே அவர் வீட்டையும், அதன் பின்சுவரை ஒட்டி இருக்கிற நம் வீட்டையும் சேர்த்து வாங்கி விசைத்தறி போட ஒருவர் தயாராக இருக்கிறாராம், ஒன்று மட்டும் என்றால் வேண்டாமாம். அதனால் நம் வீடும் போயே தீர வேண்டும் என்கிறார். இனிமேல் ஆபீசெல்லாம் தெலுங்கு, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே வராது, ‘ஊரே அந்தாண்ட போய்க்கினு இருக்குது, நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு இருக்கிற’ என்று உன் நைனாவைத் தினமும் நெருக்கினார். உன் நைனாவைத்தான் தெரியுமே, அண்ணன் எதிரில் வாய் திறந்தவர் இல்லை. ஊர் எங்கேயும் போகவில்லை, பெரிய நைனாதான் போகிறார். தெலுங்கு எனக்கு என்ன புதுசா. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசியதும் தெலுங்கில்தான், உனக்கு அம்மை வார்த்தபோது பக்கத்து வீட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுததும் தெலுங்கில்தான். வீட்டுக்குள் நான் தமிழ் பேசினால் யார் வந்து தடுக்கப் போகிறார்கள். எல்லைக்கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், அதற்காக என் அடுப்பு நகராது.

போன வருஷம் கிணற்றடியில் விழுந்து புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டேன் அல்லவா, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கட்டுப் போட்ட கைக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் வயசான முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. தரையில் உட்கார்ந்து சமைத்துவிட்டு எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வரலட்சுமி அங்கே நின்றுகொண்டே ஸ்டவ்வில் சமைக்கிறாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் நாமும் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினால் என்ன என்று தோன்றியது. பெரிய நைனா, கட்டு, ஆனால் பலகையில் செய்துகொள், போகும்போது வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார். கொத்தனார், சிமெண்டைப் பூசிச் சிவப்புச் சாயம் போட்டுவிடுகிறேன், விட்டுவிட்டுப் போனாலும் மனசு வலிக்காது என்றார். தூக்கிக்கொண்டு போகிற மேடையும் எனக்கு வேண்டாம், விட்டுவிட்டுப் போகிற மேடையும் வேண்டாம் என்று இருவருக்கும் சொல்லிவிட்டேன்.

உன் நைனாவை இழுத்துக்கொண்டு புத்தூரில் கல் விற்கிற இடத்துக்குப் போனேன். கையில் ஒரு தூக்கு நிறையக் கெட்டியாகக் கரைத்த புளி, ஒரு பொட்டலம் மஞ்சள்பொடி, கொஞ்சம் நல்லெண்ணெய். நம் வீட்டுக் குழம்பைத் தாங்காத கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. கடப்பைக் கல் கறுப்பாக வழவழவென்று இருந்தது, எனக்கும் அதன் மேல்தான் ஆசை. புளியைத் தடவிவிட்டு ஒரு வெற்றிலை போட்டு மென்று முடித்தபின் துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து மங்கிவிட்டது. மொசைக்கில் மஞ்சள் ஏறிக்கொண்டு போக மாட்டேன் என்றது. கடைக்காரர் சிட்டிபாபுவுக்குக் கோபம் வந்துவிட்டது, ‘ஏம்மா, கல்லு வாங்க வந்தியா, கல்லுக்குக் கொழம்பு ஊத்த வந்தியா’ என்று கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்லிக் கேட்பதில்லையா, அது மாதிரிதான் என்று தெலுங்கில் சொன்னதும் சிரித்துவிட்டார். கடைசியில் வாசற்படிக்கென்று ஒரு மூலையில் கிடந்த நம் பக்கத்து மலைக் கருங்கல்லில் மூன்றையும் கொட்டினேன். துடைத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. இதில்தான் மேடைக்கு வேண்டும் என்றேன். ரொம்பக் கனமாச்சே, ஒரு தடவை வைத்தால் அப்புறம் அசைக்கவே முடியாதே என்றார். அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். உன் நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கல்லை இறக்கத் தெரு ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். இரண்டு பக்கமும் சுவருக்குள் செருகிப் பூசியாகிவிட்டது. சூட்டில் கல் விரிசல் விடக் கூடாது என்று மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி அதன் மேல்தான் அடுப்பு. பின்சுவரில் தாளிப்பு தெறிக்கிற உயரம் வரைக்கும் கடப்பைக் கல்லைப் பதித்துக்கொண்டேன், சுவரில் புளி தேங்கி நிற்கப் போவதில்லை, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கரியும் எண்ணெயும் போய்விடுகிறது. ஆசைப்பட்டதையும் நான் விடவில்லை பார். வரலட்சுமியை ஸ்டவ்வுக்குப் பின்னால் ஒரு தகரமாவது அடித்துக்கொள்ளச் சொல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமைக்கச் சொல்.

இனிமேல்தான் விஷயம். தம்பி வீட்டில் புது அடுப்பு போட்டால் மூத்தவர் வீட்டு அடுப்பிலிருந்துதான் நெருப்பு வர வேண்டும், அது நம் வீட்டு வழக்கம். வராவிட்டால் அது உறவை அறுத்துக்கொண்ட அடுப்பு, அதில் வெந்த சோற்றைப் பங்காளிகள் தொட மாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை நானே சட்டியை எடுத்துக்கொண்டு பெரிய நைனா வீட்டுக்குப் போய் நெருப்புக் கேட்டேன். ‘உன் வூட்டுக்காரனைக் கையெழுத்து போடச் சொல்லிட்டு வந்து வாங்கிக்கினு போ’ என்றார். உன் பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். காலிச் சட்டியோடு திரும்பினேன், வழியெல்லாம் அழுதேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பெரிய நைனாவும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து உன் நைனாவிடம் நீட்டினார். உன் நைனா தறியிலிருந்து எழுந்தார், என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார், பத்திரத்தை வாங்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், பீடிக்கு வைத்திருக்கிற தீப்பெட்டியை எடுத்துக் கிழித்து விறகைப் பற்ற வைத்தார். ‘அண்ணா, நீ போய் நல்லாயிரு. நாங்க இங்கியே துன்னுக்கினு கிடக்கிறோம்’ என்றார். அண்ணன் எதிரில் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். அன்றைக்கு நாங்கள் இருவரும் அந்தச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டோம். நான் நின்றுகொண்டே சமைத்தேன்.

அதற்கப்புறம் பங்காளிகள் யாரும் நம் வீட்டில் கை நனைக்கவில்லை. நனைக்காவிட்டால் போகட்டும். நீயும் அவர்கள் பக்கம் பேசினவன், இந்த அடுப்புச் சோற்றைத் தொடுவாயா மாட்டாயா என்று நீயே முடிவு செய்துகொள், நான் கெஞ்ச மாட்டேன்.

நீயும் வரலட்சுமியும் நோய்நொடி இல்லாமல், கைநிறையப் பிள்ளைகளோடு நூறு வயசு வாழ வேண்டும், திருவேங்கடமுடையான் துணையிருப்பான். வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. ரேணிகுண்டாவில் பாசஞ்சருக்கு மாறி நம் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கு. திருத்தணிக்கு டிக்கெட் எடுக்காதே, அங்கே உனக்கு வீடு இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
செங்கம்மா