வாய்க்காலில் விழுந்த சூரியன்

மார்ச் 4, புதன்

இன்று முதல் நான் சூரியன்.

காலையில் லைனில் நின்று சோலார் பேனலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அட்மின் சூப்பர்வைசர் டில்லிபாபு அண்ணன் வந்து எங்கள் நாற்பது டிரெய்னிகளையும் வரிசையாக நிற்க வைத்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்று, "நீதான் கரெக்டா கீற" என்றார். ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்காக 'கதிர்' என்று ஒரு பொம்மை வேஷம் தைத்திருக்கிறார்கள். பெரிய மஞ்சள் முகம், சுற்றிலும் கதிர்கள், என்ன நடந்தாலும் மாறாத சிரிப்பு. தையல்காரர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார். ஐந்தடிக்கு மேல் இருப்பவர்கள் உள்ளே போக முடியாது. நான் நாலடி பத்து அங்குலம்.

வேலை, கேட்டில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டுவது. விதி இரண்டு. பேசக் கூடாது. உள்ளே யார் என்று வெளியே சொல்லக் கூடாது. "சூரியன் இன்னா, பேசுமா?" என்று கேட்டார். பேசாதுதான். கையும் ஆட்டாது, அதை நான் சொல்லவில்லை.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "ஏப்ரல் கடைசில பெர்மனென்ட் லிஸ்ட் வருது மாரிசெல்வி. ஜி.எம். தெனம் அந்த கேட்டாண்டதான் போறாரு" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள். "ஒரு வருசம். பெர்மனென்ட் ஆச்சுன்னா இரு. ஆகலேன்னா கயத்தாறுக்கு வந்து, பாத்து வச்சிருக்க மாப்பிளைக்குக் கழுத்த நீட்டு."

மார்ச் 6, வெள்ளி

சோலார் கம்பெனியின் சூரியனுக்குள் ஒரு குட்டி விசிறி வைத்திருக்கிறார்கள். அது பேட்டரியில் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே ஆறு பேர் அட்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். 'சூரியனும் வேண்டும், ஏரியும் வேண்டும்.' கம்பெனியின் பின்பக்கம் கட்டிய புது மதில், ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை மறித்துவிட்டதாம். முன்னால் நின்று கத்தியவன் ஹேமந்த், பக்கத்து வடக்குப்பட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் யார்? என் ரூம்மேட் கனகலட்சுமி!

தையல் கிளாஸுக்குப் போவதாக அல்லவா சொன்னாள்?

நேராக என்னிடம் வந்தாள். "கதிர் அண்ணே! பசுமை பசுமைன்னு கைய ஆட்டுதீரே, ஒமக்கு மனசாட்சி இருக்கா?" என்றாள். நான் கையாட்டினேன். வேறு என்ன செய்ய? அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

மார்ச் 7, சனி

கனகா தானாகவே ஒத்துக்கொண்டாள். தையல் கிளாஸ் பொய், வெள்ளிக்கிழமை போராட்டம்தான் உண்மை. அவள் வேலை பார்க்கும் போன் கம்பெனியில் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். பிறகு அரை மணி நேரம் கதிரைத் திட்டினாள். "அது கையாட்டுத விதத்தப் பாக்கணுமே நீ. ஒடம்பு பூரா திமிரு!"

"வெயில்ல நிக்குத மனுசன், பாவம்" என்றேன். "யாரு, அந்தத் தடியனா?" என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக என்னைத் தடியன் என்றிருக்கிறார்கள்.

எங்கள் ஹாஸ்டல்கார அம்மா ஞானம்மாவுக்கு இந்தப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. "கம்பெனிய தொரத்திட்டா என் ரூம்ல யாரு இருப்பா, கொக்கா? கரன்ட் போனா மொதல்ல கத்துறது இவளுங்கதான்" என்று மோட்டார் போடும்போது ஆரம்பித்தார். கனகா, "சோலார் வேண்டாம்னு யாரு சொன்னா? வாய்க்கால மூடாதன்னுதான சொல்லுதோம்" என்றாள். பேச்சு சூடேறித் தொட்டி நிரம்பி வழிந்து, இரண்டு பேரும் தண்ணீரை வீணாக்கியதற்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

எனக்கு யார் சொல்வது சரி? எங்கள் ஊரில் காற்றாலைக்குக் கீழே ஆடு மேயும், ஆட்டுக்காரர் தூங்குவார், யாரும் கோஷம் போட்டதில்லை. ஆனால் அங்கே யாரும் வாய்க்காலையும் மறிக்கவில்லை. தெரியவில்லை. எனக்கு வேலை பெர்மனென்ட் ஆனால் போதும்.

மார்ச் 13, வெள்ளி

வீடியோ பரவிவிட்டது. பிள்ளைகள் கோஷம் போடுகிறார்கள், பின்னால் நான் கையாட்டுகிறேன். தாளம் சரியாக விழுந்திருக்கிறது. கீழே ஊரே அடித்துக்கொள்கிறது. 'இந்தப் பசங்க பெட்ரோல் பைக்ல வந்து வெயில் ஜாஸ்தின்னு கத்துறாங்க.' 'நீ ஏசில உக்காந்து கமென்ட் போடுற.' 'படிக்கிற வயசுல படிங்கடா.' 'படிச்சதாலதான் கேக்குறோம்.' நடுவில் ஒருவர், 'அந்தச் சூரியன் சூப்பரா ஆடுது, கல்யாணத்துக்கு வருமா?'

ஹேமந்த் பெட்ரோல் பைக்கில் வருவது உண்மை. அடுத்த வாரம் சைக்கிளில் வருவதாகப் பதில் போட்டிருக்கிறான்.

மார்ச் 18, புதன்

தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது. பறக்கும் படை ஜீப் கேட்டில் நின்றது. ஓர் அதிகாரி இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்து, "இது சின்னம். மூடுங்க" என்றார்.

டில்லிபாபு அண்ணன் ஓடிப்போய் தெர்மாகோலில் பெரிய பச்சை இலைகள் வெட்டிக்கொண்டு வந்து என் முகத்தில் ஒட்டினார். இரண்டு இலை. அதிகாரி ஜீப்பில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

இலையைப் பிய்த்தார்கள். கதிர்களையும் கழற்றினார்கள். வெறும் மஞ்சள் உருண்டை. பள்ளி வேனில் போன குழந்தைகள், "ஹை, மாம்பழம்!" என்று கத்தின. அதுவும் ஒரு கட்சியுடையதாம். தமிழ்நாட்டில் ஒரு பழமும் ஒரு இலையும் எந்தக் கட்சிக்கும் சொந்தமாகாமல் இருக்க வழியில்லை.

கடைசியில் நீல அட்டையை என் முன்னால் கட்டி என்னைச் சோலார் பேனல் ஆக்கிவிட்டார்கள். கண்ணுக்கு இருந்த இரண்டு ஓட்டையில் ஒன்றுதான் மிச்சம்.

மார்ச் 20, வெள்ளி

இதை எப்படி எழுதுவது? 

பிள்ளைகள் இன்று பின்பக்க மதிலுக்குப் போய்விட்டார்கள். "நீயும் போய் நில்லு. வீடியோல அவுங்க மட்டும் தெரிய வேணாம்" என்று டில்லிபாபு அண்ணன் அனுப்பினார். போனேன். ஒற்றைக் கண். கையாட்டினேன். ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

மதில் மறித்த வாய்க்காலில், இடுப்பளவுத் தண்ணீரில், ஆகாயத்தாமரைக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். சூரியன் தாமரையில் கிடந்ததைப் பறக்கும் படை பார்க்காமல் விட்டதே பெரிய விஷயம்.

கத்தவில்லை. கத்தினால் குரல் தெரிந்துவிடும், குரல் தெரிந்தால் லிஸ்டில் பெயர் போய்விடும். சாகிற நேரத்தில் இப்படியா யோசிப்பாள் ஒருத்தி? யோசித்தேன்.

முதலில் குதித்தவள் கனகா. "அண்ணே, கையக் குடும். பயப்படாதீரும், நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். ஹேமந்தும் அவளும் இழுத்துக் கரையில் போட்டார்கள். டில்லிபாபு அண்ணன் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வேஷத்தைத் தன் கையாலேயே இரண்டு பாக்கெட் சோப்புத்தூள் போட்டு அலசினார்.

ரூமுக்கு வந்த கனகா, "பாவம்ட்டி அந்த ஆளு. ஒரு வார்த்த கத்தல" என்றாள். பிறகு மூக்கைச் சுருக்கி, "ஒம்மேல என்னட்டி நாத்தம்?" என்றாள். மெஷின் ஆயில் என்றேன்.

என்னை வாழ்க்கையில் யாரும் அவ்வளவு கெட்டியாகப் பிடித்ததில்லை. அவளிடம் நன்றி சொல்லக்கூட முடியவில்லையே. அழுகை வருகிறது.

மார்ச் 21, சனி

மூன்று தடவை குளித்தாயிற்று. நாற்றம் போகவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வெள்ளிக்கிழமைச் சண்டை டீக்கடை, சலூன் என்று எங்கும் பரவிவிட்டதால், வியாபாரிகள் சங்கம் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் வைக்கிறதாம். 'ஊர் செழிக்கப் பெரிதும் வேண்டியது ஆலையா, ஏரியா?' ஏரி அணியில் ஹேமந்தும் கனகாவும்; வீடியோவிலேயே முகம் வந்தாச்சு, இனி ஒளிந்து என்ன என்கிறாள் அவள். ஆலை அணியில் டில்லிபாபு அண்ணன். பக்கோடா செலவு எங்கள் கம்பெனியுடையது. கதிர் சிறப்பு விருந்தினர்.

கனகா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறாள். "நீ கேளுட்டி, நீதான் ஜனங்க" என்கிறாள். நான் கேட்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறாள்.

ஏப்ரல் 11, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

மேடை ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் ஜி.எம். கனகா பேசும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் சொன்னாள்: "சூரிய சக்தி எங்களுக்கும் வேணும். ஆனா வாய்க்கால அடச்சா, மழைக்கு எங்க தெருவுல தண்ணி நிக்கும், ஏரியில நிக்காது." கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பஞ்சுக் கை என்பதால் சத்தம் வரவில்லை.

பிறகு டில்லிபாபு அண்ணன் எழுந்தார். "நான் இதே ஊர்க்காரன். பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். அங்க வாய்க்காலே கெடையாது. ஒரு பள்ளம்கூட கெடையாது. எல்லாம் இந்தப் புள்ளைங்க போனப் பாத்துக்கினு கட்டுற கதை!" என்றார். ஆலை அணிக்காரர்கள் விசிலடித்தார்கள். கனகா பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவளைப் பார்த்து, "பொய் சொல்லாதம்மா" என்று யாரோ கத்தினார்கள். அவள் முகம் சுண்டிப்போனது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"இல்லாத வாய்க்காலுக்குள்ளயா நான் விழுந்து கெடந்தேன்?"

மண்டபம் கப்சிப். சூரியன் பேசிவிட்டது, அதுவும் பெண் குரலில், கயத்தாறுத் தமிழில். ஒரு குழந்தை பயந்து அழுதது. நிறுத்த முடியவில்லை. "இடுப்பளவு தண்ணி! நீங்கதான அண்ணே ரெண்டு பாக்கெட் சோப்புத்தூள் போட்டுத் தொவச்சீய?"

கனகா எழுந்து நின்றாள். "ஏட்டி... மாரியா?"

அதற்குப் பிறகு சிரிப்பில் கூரை பறந்தது. ஞானம்மா அம்மா எழுந்து, "ஏன்டா டில்லி, நாலாங் கிளாஸ்ல அதே வாய்க்கால்ல உன் டவுசர் அட்ச்சிக்கினு போயி, அயுதுகினே என் வூட்டாண்ட வந்தியே, மறந்துட்டியா?" என்றார். கொக்குக் கதை பேசிய அதே ஞானம்மா!

நடுவர் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டுப் பக்கோடா வாங்கப் போய்விட்டார். ஜி.எம். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் கனகா தனியாகவே சாப்பிடப் போய்விட்டாள். சாயந்திரம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஒரு மாசமா என்னைய அண்ணேன்னு கூப்பிட வச்சிட்டியேட்டி" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது இரண்டு பேருக்கும் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

திரும்ப லைனில் போட்டுவிட்டார்கள். டில்லிபாபு அண்ணன் என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் ஏழு வருசமா கான்ட்ராக்ட்தான் மாரி. கம்பெனில எழுதிக் குட்த்தத அப்டியே மேடைல படிச்சேன்" என்றார். சூப்பர்வைசர் என்றால் பெர்மனென்ட் என்றே நினைத்திருந்தேன். மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "டவுசர் கெடச்சுதா அண்ணே?" என்று கேட்டேன். "ஏரில போயி கெடச்சுது" என்று சிரித்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

லிஸ்ட் ஒட்டினார்கள். பதினோரு பெயர். மூன்று தடவை படித்தேன். இல்லை.

கழிவறையில் போய் நன்றாக அழுதுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். கழுத்தை நீட்டத் தயாராகத்தான் இருந்தேன். "மாப்பிள வீட்டுக்காரங்க பட்டிமன்ற வீடியோவப் பாத்துட்டாவளாம். பிள்ளைக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லிட்டாவ" என்றாள் அம்மா. பிறகு, "நீ பேசுனது சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஜூன் 12, வெள்ளி

லிஸ்டில் பெயர் இல்லாத டிரெய்னிகளை அனுப்பிவிட்டார்கள்; நான் கனகாவின் போன் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கேயும் கான்ட்ராக்ட்தான். பழைய கம்பெனி, தன் மதிலுக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போக ஒரு குழாய் பதித்திருக்கிறது. போதாது என்கிறான் ஹேமந்த், போதும் என்கிறது பாதி ஊர். அதனால் வெள்ளிக்கிழமைகள் தொடர்கின்றன. இன்று முதல் முறையாக நானும் அட்டை பிடித்துக்கொண்டு போனேன். தேர்தல் முடிந்துவிட்டதால் கேட்டில் கதிருக்கு எல்லாக் கதிர்களும் திரும்ப முளைத்திருந்தன. நல்ல வெயில். எங்களைப் பார்த்து ஓயாமல் கையாட்டிக்கொண்டிருந்தது.

அட்டையைக் கனகாவிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் போனேன். "குடி. யாரும் பாக்கல" என்றேன்.

உள்ளேயிருந்து சின்னக் குரல், நம்ம ஊர்ப் பக்கத்துக் குரல் கேட்டது. "எக்கா, நீங்கதான அந்த அக்கா? பெர்மனென்ட் லிஸ்ட் எப்பக்கா போடுவாவ?"

"ஏப்ரல்ல" என்றேன்.

திரும்பி வந்து கோஷம் போட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் போட்டேன்.