நீங்கள் மூடிய கண்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரேமா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் மஸ்கட்டிலிருந்து கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி ஜெயசீலி, நம் அரியமங்கலம் மாதா கோயில் பூசையைப் போனில் லைவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்துக்குப் பின்னால் நீங்கள் வரைந்த மரப்பலகையை அவளுக்குக் காட்டிப் பெருமைப்படலாம் என்று எட்டிப் பார்த்தேன். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர்கூட இல்லை. பலகை முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு பெரிய டிவி.

"உங்கப்பாதான் வெள்ளை அடிச்சுக் கொடுத்தாராம், எங்கம்மா சொன்னாங்க" என்றாள்.

சிரித்துச் சமாளித்தேன். அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள்.

யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுவீர்களா? திருச்சியில் வேறு பெயிண்டரே இல்லையா? ஸ்ரீரங்கத்தில் சாமி வாகனங்களுக்குச் செய்து பழகியபடி, அந்தச் சீடர்களுக்கும் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, கடைசியாகத்தான் கண்களை வரைந்து திறந்தீர்கள். "எங்க கோயில்ல அதெல்லாம் வேணாங்க" என்று ஃபாதர் சிரித்தபோதும் நீங்கள் விடவில்லை. அன்றைக்கு மட்டும் "சரிங்க" சொல்லவில்லையே. இப்போது அந்தக் கண்களை எப்படி மூட மனம் வந்தது?

ஜெயசீலியின் அண்ணன் அடுத்த மாதம் ஊரிலிருந்து இங்கே வருகிறார். அவரிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள், இங்கே வாங்குவதை வாயில் வைக்க முடியவில்லை. கண் திறந்த அந்த அணில்முடி பிரஷையும் சேர்த்து அனுப்புங்கள். அது என்னிடமே இருக்கட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. உங்களுக்கு இனி வெள்ளை அடிக்கும் ரோலர் போதும்.

பிரேமா