சீம்பால் கொடுங்கள் என்றேன்

14 மார்ச் 2006, செவ்வாய்

மூலக்குளத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் சேகரின் பெண்குதிரை நேற்று மாலை குட்டி போட்டது. சீம்பாலை வயிறு முட்டக் கொடுக்கும்படி போனில் சொன்னவள் நான்தான். இன்று போனால் குட்டியின் ஈறெல்லாம் ரத்தப் புள்ளிகள். பரிசோதனைக்கு ஊசி குத்திய இடத்தை எவ்வளவு அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் மிகக் குறைவு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சத்தே அவற்றை அழிக்கிறது. மற்றக் குட்டிகளை நோயிலிருந்து காப்பதும் அதே சத்துதான். ஆயிரத்தில் ஒன்றுக்கு இப்படி ஆகும்; முன்கூட்டித் தெரியாது.

பால் குடிக்காமலிருக்க வாய்க்கூடு மாட்டச் சொன்னேன்.

“நீங்க சொன்னீங்கன்னு விடிய விடிய மடியில வாய வச்சி வுட்டேன் டாக்டரம்மா” என்றார் சேகர். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கிளம்பும்போது குட்டி வாய்க்கூட்டோடு மடியை முட்டியது. பால் தரையில் சொட்டியது.

நாளைக்கே வேறொருவர் கேட்டாலும் சீம்பால் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.